விட்டு வரையும் வித்தை

ரஷ்யாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த நிகோலா த ஸ்தேல், 1953-இல் சிசிலித் தீவின் அக்ரிஜெந்தோவைக் கண்டு திரும்பியபின், அந்த மத்தியதரைக் கடல் பிரதேசத்தின் குன்றுகளையும் வானத்தையும் நாலைந்து வர்ணப் பரப்புகளாகச் சுருக்கித் தீட்டிய படங்களை அச்சுப் பிரதியில் காட்டினால், தென்காசியில் என் நண்பர்களிடமிருந்து அநேகமாக ஒரே அபிப்பிராயந்தான் வருகிறது: “இதை எங்க வீட்டுப் பிள்ளையே போட்டிருமே, அண்ணாச்சி!”

இந்த ஆட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நடராஜரின் ஐந்து சபைகளுள் குற்றாலத்துச் சித்திர சபையில்தான் இறைவன் சித்திரமாகவே ஆடுகிறான். அவனைச் சூழ்ந்து தேவர்களும் புராணக் கதைகளும் சுவரெங்கும் நெருங்கி நிற்க, அந்தச் சமிருத்தியில் பழகிய கண்ணுக்கு வெற்றிடம் என்பது ஓவியன் செய்த மோசடியாகவே தோன்றக்கூடும்.

ஆனால், திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். காந்தி நூற்றாண்டான 1969-இல் மகாத்மாவை ஏறக்குறைய நூறு கோட்டோவியங்களில் வரைந்தவர், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டு எழுத்துக்குச் சித்திரம் தந்தவர், கோட்டினாலேயே கீர்த்தி பெற்றவர். அத்தகையவர் தம் பிற்கால வர்ணப் படங்களில் அந்தக் கோட்டையே விட்டு, நிலமும் நீரும் ஒளியும் வர்ணத்தின் வாயிலாகவே ஊகிக்கப்படுமாறு தைல வர்ணத்தில் தீட்டினார் என்றால், அதை இயலாமை என்று யார் சொல்வது? செல்வமே இல்லாதவன் எதைத் துறப்பான்?

சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று புகுந்து திரிகூட மலையை மேகம் மூடும்போது, மரமும் பாறையும் மறைந்து ஒரு சாம்பல் நிறச் சரிவும் அதில் ஒரு வெண்கீற்றும் எஞ்சுவதைக் கண்டு மெய்ம்மறந்து நிற்கும் நாம், திரைச்சீலையில் மட்டும் இலையை எண்ணிக் கேட்பது நியாயமா? அதற்காக வெறுமையெல்லாம் கலையாகிவிடாது. விடுதிச் சுவர்களில் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தொங்கும் படங்களில் பெரும்பாலானவற்றில் எதுவும் விடப்படவில்லை, ஏனெனில் வரைந்தவர் எதையும் பார்த்திருக்கவே இல்லை.

குற்றாலச் சாரல் விழாவில் கோலப் போட்டிக்கும் நாய்க் கண்காட்சிக்கும் இடம் உண்டு. ஆதிமூலத்தின் ஓவியங்களுக்கும் ஒரு கூடம் ஒதுக்குவது அரசுக்குப் பெரிய பிரயாசையாக இராது. ஒன்று மட்டும் அவசியம்: பிற்கால வர்ணப் படங்களைத் தனியே மாட்டாமல், காந்தியை முதலில் வைத்துக் காலவரிசை பிறழாமல் மாட்ட வேண்டும்.