மாத்திரையின் கணக்குத் தெரியாமல் நோன்பா?



ரமளான் பிறை தென்பட்டதும் நம் வீடுகளில் எல்லாமே நேரம் மாறிவிடுகிறது. சாப்பாடு மாறுகிறது, தூக்கம் மாறுகிறது, கடை திறப்பதும் அடைப்பதும் மாறுகிறது. கஞ்சிக்கு அரிசியும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் பத்து நாளைக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் திட்டமிடுகிறோம். ஆனால் அலமாரியில் இருக்கும் சர்க்கரை மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று யாரையாவது கேட்டோமா?

பெரும்பாலான வீடுகளில் யாரையும் கேட்பதில்லை. "காலை மாத்திரைதானே! ஸஹரில் போட்டுக்கொண்டால் போகிறது" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சில நேரங்களில் உயிரையே கேட்டுவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. ஸஹரில் இரண்டு வாய் சோறும் தயிரும் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடைக்கு வருகிறார். பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. அஸர் நேரம் நெருங்கும்போது உடம்பு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கல்லாவில் சில்லறை எண்ணத் தடுமாறுகிறார். எப்போதும் சிரித்த முகத்தோடு பேசுகிறவர் வேலைப் பையன் மீது எரிந்து விழுகிறார். பார்ப்பவர்கள், "நோன்பு அசதி" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அது அசதி அல்ல, சகோதரர்களே! இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துகொண்டிருக்கிறது. மூளை பட்டினி கிடக்கிறது!

இது நம்முடைய கற்பனைப் பயம் அல்ல. 2001-இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் எபிடயர் என்ற பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு, அதாவது நம் வீடுகளில் நாம் சாதாரணமாகக் காணும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 100-க்கு 79 பேர் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவது, மற்ற மாதங்களைவிட ரமளானில் அவர்களுக்கு 7.5 மடங்கு கூடியிருந்தது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு 4.7 மடங்கு. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இதில் நம் சமுதாயத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் நோன்பா குற்றவாளி? இல்லை. மாத்திரையா? அதுவும் இல்லை. மாத்திரையின் கணக்கை அறியாத நம் அலட்சியமே குற்றவாளி!

வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது கடினம் அல்ல. கிடங்குக்குச் சரக்கு வருகிறது, இருப்பில் இருக்கிறது, பிறகு வெளியே போகிறது. மருந்தும் அப்படித்தான். குடலிலிருந்து இரத்தத்தில் கலப்பது வரவு. இரத்தத்தில் நின்று வேலை செய்வது இருப்பு. கல்லீரல் அதைச் சிதைப்பதும் சிறுநீரகம் அதை வெளியேற்றுவதும் செலவு. இருப்பு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை 'அரை ஆயுள்' என்கிறது மருத்துவம். ஒவ்வொரு மருந்துக்கும் இந்தக் கணக்கு வேறு. 'எல்லாம் சர்க்கரை மாத்திரைதானே' என்று நினைப்பது, 'எல்லாம் சரக்குதானே' என்று ஐஸையும் அரிசியையும் ஒரே கிடங்கில் போடுவதற்குச் சமம்.

மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை உற்பத்தி செய்வதை இது கட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6 மணி நேரம். கல்லீரல் இதைச் சிதைப்பதில்லை. சிறுநீரகமே அப்படியே வெளியேற்றுகிறது. இதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்குவது அபூர்வம். குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம், நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் மருந்து உடலில் தேங்கி இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. ஆகவே சிறுநீரகப் பரிசோதனை அவசியம்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகையின் கதை வேறு. இவை கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. வயிற்றுக்குள் உணவு வந்ததா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை! இந்த வகை மருந்தின் வரலாறே ஓர் எச்சரிக்கைதான். 1942-இல் பிரான்ஸின் மான்ட்பெல்லியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்று கொடுக்கப்பட்டது. சர்க்கரை குறைந்து பலருக்கு வலிப்பு வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். மருத்துவர் மார்செல் ஜான்போன் இதைக் கவனித்தார். ஆகஸ்ட் லூபாத்தியேர் என்ற ஆய்வாளர் அதன் காரணத்தைத் தேடிக் கண்டார். ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்தின் கெடுதலே இன்னொரு நோய்க்கு மருந்தாயிற்று. அந்தக் கெடுதல் இன்றும் அந்த மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது.

இவற்றில் கிளிபென்கிளமைடு மிகவும் கவனத்துக்குரியது. ஒரு மாத்திரையின் வேலை 24 மணி நேரம் வரை நீடிக்கும். கல்லீரல் அதைச் சிதைத்த பிறகும், சிதைந்த பொருட்களுக்கே சர்க்கரையைக் குறைக்கும் சக்தி இருக்கிறது. அவற்றை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் தளர்ந்திருந்தால் செலவு நின்று இருப்பு ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே, 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு இது ஏற்றதல்ல என்ற குறிப்பு உள்ளது. இந்த மாத்திரையை ஸஹரில் விழுங்கிவிட்டு 13, 14 மணி நேரம் பட்டினி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு முக்கியமான விஷயம். மயங்கியவருக்குச் சர்பத் கொடுத்ததும் தெளிந்து எழுந்துவிடுகிறார். "அல்ஹம்துலில்லாஹ், சரியாகிவிட்டது" என்று வீட்டில் படுக்க வைக்கிறோம். சர்பத்தின் சர்க்கரை சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். மாத்திரையோ இன்னும் பல மணி நேரம் உடலில் இருக்கும்! இரவில், எல்லோரும் தூங்கும் நேரத்தில், சர்க்கரை மீண்டும் இறங்கலாம். அதனால்தான் இந்த வகை மாத்திரை சாப்பிட்டு மயங்கியவரை, தெளிந்த பிறகும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கும் மருந்துகளும் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். சளிக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் வாங்கும் லீவோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரைகள், சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையை மேலும் இறக்கக்கூடும். படை, பூஞ்சைக்கான ஃப்ளூகனசோல், கல்லீரலின் வேலையைத் தாமதப்படுத்தி இந்த மாத்திரைகளின் இருப்பை ஏற்றிவிடும். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கப்படும் ப்ரொப்ரனலால், சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சும். ஆகவே எந்த மருந்து வாங்கினாலும், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லாமல் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? நோன்பை விட்டுவிடச் சொல்ல நாம் வரவில்லை. மருத்துவரின் திட்டத்தோடு பாதுகாப்பாக நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த ரமளான் வழிகாட்டி, 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. அதாவது ரஜபின் முதல் பாதியிலேயே! நாளுக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரையைப் பொதுவாக நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள். இருவேளை சாப்பிடுகிறவருக்கு ஸஹர் வேளையின் அளவைக் குறைப்பதுண்டு. சிலருக்கு மருந்தையே மாற்றுவார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அளவும் நேரமும் தனிக்கணக்கு. இதையெல்லாம் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கடைக்காரரின் மாத்திரைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. மஃரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் என்று காத்திருக்கக் கூடாது. சோதித்துப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதும், ஊட்டச்சத்துக்காக அல்லாமல் தோலுக்கு அடியில் போடும் ஊசியும் நோன்பை முறிக்காது என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி தெளிவுபடுத்திவிட்டது. சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சிலர் நோன்பு நோற்கவே கூடாத நிலையில் இருப்பார்கள். டயாலிசிஸ் செய்கிறவர்கள், கடந்த மூன்று மாதங்களுக்குள் சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கியவர்கள், சர்க்கரை இறங்குவதையே உணர முடியாதவர்கள், முதல் வகை நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள் போன்றோர் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். இவர்களைப் பார்த்து "ஈமான் இருந்தால் முடியும்" என்று சொல்ல நாம் யார்? அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆவது வசனங்களில் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறான் இறைவன். அவன் தந்த சலுகையை ஏற்பதற்கு வெட்கப்படலாமா? ஏற்றவரைக் கேலி பேசலாமா?

இளைஞர்களே! உங்கள் மீது ஒரு பொறுப்பு இருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் மாத்திரை அட்டையின் நிறத்தை மட்டுமே அறிவார்கள். அட்டையின் பின்புறத்தைத் திருப்பி மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! கஞ்சிக்கு வசூல் செய்யும் முன்பாக, ரஜபிலேயே ஒரு மருத்துவரை மஹல்லாவுக்கு அழைத்து வாருங்கள். கடை முதலாளிகளே! உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும். வேலை பார்க்கும் பெரியவர் வியர்த்து நடுங்கினால் "அசதி" என்று நகர்ந்துவிடாதீர்கள். அவர் விரலைச் சோதியுங்கள்.

கடைக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் விழித்து ஏட்டைப் புரட்டுகிறோம். பெற்றவர்களின் உயிர்க் கணக்கை மட்டும் ஏன் பார்க்காமல் விடுகிறோம்? சிந்திப்போம். அடுத்த ரமளான் வருவதற்குள் செயல்படுவோம்!