சுக்கானும் தருமச் சக்கரமும்

வெறுப்பை மூட்டும் பேச்சைச் சட்டத்தினால் அடக்கவேண்டும் என்ற குரல் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் எழுமாயின் அதனை எள்ளி நகையாடுதல் பேதைமை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையிற் கூடும் ஊர் இது. 2005 மே மாதத்தில் சந்தைப் புறத்தே வைக்கப்பட்ட புத்தர் சிலையை அடுத்துக் கடைகள் அடைபட்டதை அறிந்தோர், பகைமை எத்துணை விரைவிற் பற்றும் என்பதையும் அறிவர். பேச்சுக்கு எல்லையே கூடாதென்பது, அடிவிழாத இடத்தில் இருப்போரின் வாதம். எல்லை வேண்டும். ஆயின் அதனை வரைபவர் யார், அது எவர்மீது பாய்கின்றது என்ற வினாவை, புதிய சட்டங் கோருவோர் எழுப்புவதேயில்லை.

சட்டம் ஏலவே உண்டு. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கம். பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மதக் குரோதத்தை அதன் 3 ஆம் பிரிவு தடைசெய்கின்றது. தண்டனை பத்தாண்டு வரை கடூழியச் சிறை. பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே இயலும். அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில். ஏட்டளவில் இது சிறுபான்மையினரின் கேடயம்.

நடைமுறை வேறு. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர், 2019 மே மாதத்தில், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் இச்சட்டத்தின்கீழ்க் கைதானார். அவரது ஆடையிற் பொறித்திருந்த சக்கரம் பௌத்தரின் தருமச் சக்கரம் எனப் பொலிசார் கண்டனர். அது கப்பலின் சுக்கான் சக்கரம்! திருகோணமலைத் துறைமுகத்துச் சிறுவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். அப்பெண் வாரக்கணக்கிற் சிறையிருந்தார். அதே ஆண்டில், சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகப் பிக்குகளின் முறைப்பாட்டின்பேரில் நான்கு மாதம் மறியலில் வைக்கப்பட்டார்.

மறுபுறம் நோக்குக. 2014 ஜூனில் அளுத்கமவிற் கலகொட அத்தே ஞானசார தேரர் ஆற்றிய உரையை அடுத்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவ்வுரைக்காக அவர் தண்டிக்கப்படவில்லை. 2016 இற் கூறிய வேறொன்றுக்காகவே, 2024 மார்ச்சில், நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. துறைமுகக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூரிலோ, 2024 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி வழங்கியோர், நீதிமன்றத் தடையை மீறினர் எனக் கைதாகினர். கஞ்சியிலே எந்தக் குரோதம் கரைந்திருந்தது?

நிறுவனங்களின் கதையும் இதுவே. 2018 மார்ச்சில் திகனவில் வன்முறை வெடித்தபோது சிங்களத்தில் எழுதப்பட்ட கொலை அழைப்புகள் முகநூலில் உலாவின. முறையிட்டோருக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதிலும் கிடைத்தது. அரசாங்கம் நாடு முழுவதற்கும் முகநூலை முடக்கிற்று. உறவினரின் நிலையறியத் துடித்தவனும் தூண்டியவனும் ஒருங்கே வாயடைக்கப்பட்டனர். அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில். மொழி அறிந்து வாசிப்போரை அமர்த்தாமல் விதிகளை மட்டும் பெருக்கிப் பயன் யாது?

இவ்வளவிற்குப் பின்னரும், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வரவேற்றோர் உளர். சனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவுக்கு எது பொய்யான கூற்றென நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது அளிக்கின்றது. மதவுணர்வைப் புண்படுத்தும் பொய்யுரையும் அதிற் குற்றம். புண்பட்ட மனத்தை அளக்கும் கோல் எவரிடம் உளது? பெரும்பான்மையினரின் மனம் புண்படுவதே பொலிஸ் நிலையத்தில் எப்போதும் முதலிற் பதிவாகும்.

குறித்த மக்கட் கூட்டத்தினர்மீது வன்முறையைத் தூண்டுவதே குற்றமாகட்டும். மனம் புண்படுதல் சட்டத்திலிருந்து நீங்கட்டும். பிடியாணையின்றிக் கைதுசெய்யும் அதிகாரம் பொலிசாரிடமிருந்து அகற்றப்படவும், பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்குக் கிட்டவும் வேண்டும். நிறுவனங்கள் தமிழும் சிங்களமும் கற்றோரை அமர்த்தி, நீக்கியமைக்கும் நீக்காமைக்கும் எழுத்திற் காரணங் கூறக் கடப்பாடுடையன. இவ்வாறு குறுக்கினால் தமிழரை இழிவுபடுத்துவோன் தப்பிவிடுவான் என அஞ்சுவோர் உளர். இன்றுள்ள அகன்ற சட்டம் அவனைத் தொட்டதுண்டா என்பதை அவர்களே கூறட்டும்.