பாட்டி பக்கத்தில் இருக்கட்டும்



ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பழங்குடிக் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி 2007-இல் வந்த அறிக்கை 97 பரிந்துரைகளைச் செய்தது. அந்த மக்களோடு மனப்பூர்வமாகக் கலந்துபேசுங்கள் என்று முதல் பரிந்துரையிலேயே கேட்டது. அரசோ ராணுவத்தை இறக்கியது. அங்கே இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்திவைத்தது. அதிகாரி வந்தால் பிள்ளையைப் பிடுங்கிப் போய்விடுவார் என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்த குடும்பங்கள் அவை. யார் வாய் திறப்பார்?

அவர்கள் வாய் திறக்க வேண்டுமானால், பாதிக்கப்பட்ட குழந்தையிடம் பேசும் ஆலோசனை அறையில் பாட்டியோ பெரியம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். குழந்தையின் மொழி தெரிந்தவர் பேசட்டும். முகம் பார்த்துப் பேசவில்லை என்பதற்காக, பொய் சொல்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது அங்கே மரியாதை. பழங்குடியினரே நடத்தும் அமைப்புகளிடம் இந்த ஆலோசனைப் பணியை ஒப்படைத்து, வருஷா வருஷம் கையேந்த விடாமல் நிலையான நிதியும் தர வேண்டும்.