அந்த 5 ஆண்டுக்கு யார் சாட்சி?

நம் காலனிகளில் ஒயரிங் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பாதியில் பள்ளியை விட்டு, ஏணி பிடிக்கப் போய், சுவர் கொத்தி, பைப் பதித்துத் தொழில் கற்றவர்கள். இருபது வருடம் கழித்தும் 'ஹெல்பர்'தான். உரிமமும் பில்லும் ஊர்த்தெருக்காரர் பெயரில்.

இவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிறைந்து, ஒயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை.

ஆனால் அந்த 5 ஆண்டுக்கு யார் சாட்சி? தினக்கூலிக்கு வருகைப் பதிவேடு ஏது? வேலைக்கு வைத்த ஒப்பந்தக்காரர்தான் எழுதித் தர வேண்டும். சான்று கைக்கு வந்தால் இவன் தனியாக வேலை பிடிப்பான், பிறகு ஏணிக்கு ஆள் எங்கே? 'அடுத்த வாரம் வா' என்கிறார். (டீக்கடையில் தனிக் குவளை ஒழிந்த ஊரிலும் இந்தக் கணக்கு ஒழியவில்லை.) நாம் அறிந்த ஒருவர் மூன்று முறை அலைந்துவிட்டு, விண்ணப்பத்தை மடித்துப் பரணில் போட்டுவிட்டார்.

அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு பலகையும் ஒயரும் கொடுத்து அரைநாள் வேலை வாங்கிப் பார்க்கட்டும்; அனுபவம் தெரிந்துவிடும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையையும், இவர் ஒயரிங் செய்த வீட்டுக்காரர்களின் சான்றையும் ஏற்கலாம். தேர்வுக் கட்டணத்தோடு அன்றைய கூலி இழப்பையும் தாட்கோ ஈடுசெய்ய வேண்டும். அடுத்த அறிவிப்பு நம் தெருச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும், கடைசித் தேதிக்கு முன்பே.