கரண்ட் போனதற்குத் தண்டனை ஃபார்மேட்டா?

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பீரியடில் நான் பேசியதைவிடக் குறைவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று நம் குழுவில் பழைய மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். "சார், ராத்திரி இடி மழையில கரண்ட் போச்சு. காலையில கம்ப்யூட்டர் ஆன் ஆகல. கடையில கேட்டேன். விண்டோஸ் போயிருக்கும், ஃபார்மேட் போட்டுடலாம்னு சொல்றாங்க. குடுத்துடட்டுமா?"

கீழே பதினோரு பதில்கள். ஆறு பேர், "போட்டுடு." மூன்று பேர், "அதத் தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்கு." ஒருவர் கும்பிடும் பொம்மை. ஒரே ஒருவன் மட்டும் கேட்டிருந்தான்: "ஆன் ஆகலன்னா எது ஆகல? லைட் எரியுதா? ஃபேன் சுத்துதா?" பத்தாம் வகுப்பில் என்னிடம் இயற்பியலில் 38 மார்க் வாங்கியவன் அவன். இன்று அவனுக்கு நூற்றுக்கு நூறு போடுகிறேன். மற்ற பத்துப் பேருக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. இந்தப் பக்கம் இருந்த யாரும் அந்தக் காற்றின் சத்தத்தை மறந்திருக்க மாட்டீர்கள். திருக்கழுக்குன்றத்தில் அக்கா வீட்டுத் தெருவில் மரம் விழுந்து, கரண்ட் வர இரண்டு நாள் ஆனது. வந்த பிறகு மாமாவின் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம். பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று அர்த்தம்.

மாமா அதற்கு முந்தைய வருடம்தான் தவறியிருந்தார். அவர் எடுத்த தேர்த் திருவிழாப் படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன், பேத்திக்குக் கதை சொல்லி அவரே பதிவு செய்துவைத்த குரல் எல்லாம் அதில்தான் இருந்தன. மெக்கானிக் வந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடம் இயற்பியல் நடத்திய நான், டீ டம்ளரோடு நின்று தலையை ஆட்டினேன். மறுநாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் பளபளவென்று வந்தது. உள்ளே ஒரு படம்கூட இல்லை. கேட்டதற்கு, "பேக்கப் எடுக்கணும்னு நீங்க சொல்லலயே சார்" என்றார். உண்மைதான். நான் சொல்லவில்லை.

கதை அங்கே முடியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா வீட்டில் மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து போட்டால் தேதி 2009 என்று காட்டுகிறது. பேங்க் தளம் திறக்க மறுக்கிறது. இந்த முறை நானே மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் எட்டணாக் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். அளந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. புதிது வாங்கினேன். ஒரு காபி விலைதான்.

அந்தப் பேட்டரிக்கு என்ன வேலை? கடிகாரத்தையும், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது போன்ற பயாஸ் அமைப்புகளையும் அது நினைவில் வைத்திருக்கும். சுவர் ஸ்விட்ச் போட்டே இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு வேலையே வராது. அதனால் அது செத்தது யாருக்கும் தெரியாது. நீண்ட மின்வெட்டு வந்து சுவரிலும் மின்சாரம் இல்லாதபோதுதான் அமைப்புகள் அழிந்து, போர்டு ஃபேக்டரி நிலைக்குப் போகும்.

மாமாவின் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருந்தன. பழையதில் படங்கள். பிறகு வாங்கிய புதியதில் விண்டோஸ். புதியதிலிருந்து தொடங்கச் சொல்லி மாமா பயாஸில் அமைத்திருந்தார். புயலுக்குப் பிறகு அது மறந்துபோய், போர்டு பழைய டிஸ்க்கில் போய் விண்டோஸைத் தேடியது. கிடைக்கவில்லை. மெக்கானிக்கும் அந்தப் பழைய டிஸ்க்கையே அழித்து அதில் புது விண்டோஸைப் போட்டுவிட்டார்.

பயாஸில் வரிசையை மாற்றி மறுபடி போட்டேன். மாமாவின் பழைய விண்டோஸ், அவர் வைத்த வேதகிரீஸ்வரர் கோயில் கோபுரப் படத்தோடு அப்படியே எழுந்து வந்தது. ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போனதாகச் சொன்ன விண்டோஸ் முழுசாக இருந்தது. நன்றாக இருந்த படங்கள்தான் போயின. மீட்பு மென்பொருள் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். சில நூறு படங்கள் கிடைத்தன, பல பாதியாக. குரல் கிடைக்கவில்லை.

இதற்கு மாண்டஸைக் குறை சொல்லலாமா? புயல் ஒரு பேட்டரியின் சாவைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். மாமாவின் குரலை அழித்தது நம் அவசரம். அதனால்தான் சொல்கிறேன்: "ஃபார்மேட் போட்டுடலாம்" என்பது நோய் கண்டுபிடிப்பு ஆகாது. காய்ச்சல் என்று வந்தவனுக்கு எந்தக் காய்ச்சல் என்று பார்க்காமல் தலையை மாற்றி வைக்கிறேன் என்பதைப் போன்றது அது.

கரண்ட் போய் வந்தபின் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் வரிசையாக மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: உயிர் இருக்கிறதா? லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை என்றால் விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே பிளக்கில் டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்கள். ஓடினால் யூபிஎஸ்ஸைத் தாண்டி கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ் பல நேரம் எழவே எழாது. பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா பாருங்கள். அதற்கும் எழவில்லையா? வயரை உருவிவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து, சில நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். மின்சாரம் ஏறி இறங்கும்போது எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளப் பூட்டிக்கொள்வது உண்டு. வயரை உருவினால்தான் அந்தப் பூட்டு விடும். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போயிருக்கலாம். வேறொன்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். வயரை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது கேள்வி: முகம் தெரிகிறதா? ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு என்றால் முதலில் மானிட்டர் கேபிள். அடுத்து ரேம். வயரை உருவிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, டக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நம் கடற்காற்றில் உப்பும் ஈரமும் இரும்புக் கதவையே தின்கின்றன. ரேமை விட்டுவைக்குமா? தேதி தவறாக வந்தாலோ, எஃப்1 அழுத்து என்று கேட்டாலோ, காசு பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது கேள்வி: எழுந்தது, ஆனால் விண்டோஸ் வரவில்லையா? பயாஸில் போய் டிஸ்க் தெரிகிறதா, வரிசை சரியா என்று பாருங்கள். டிஸ்க் தெரிந்தும் விண்டோஸ் பாதியில் நின்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதில் சில ஃபைல்கள் சிதைந்திருக்கலாம். அந்த நிலையிலும் முதல் வேலை பழுது பார்ப்பது கிடையாது, நகல் எடுப்பது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். அல்லது லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து எழுப்பலாம். வேண்டியதைப் பிரதி எடுத்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட்அப் ரிப்பேரோ வேறு எதுவோ செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம். அதில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது.

இந்த வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை. நம் ஊரில் பாதிப் பேர் கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்களிடம் கேளுங்கள். அணுமின் நிலையத்தில் மின்சாரத்தை நான்கு வகுப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வருவது நான்காம் வகுப்பு. அது போனால் டீசல் ஜெனரேட்டர் தாங்கும் மூன்றாம் வகுப்பு. ஒரு நொடிகூடத் தடைபடாத மாறுமின்சாரம் இரண்டாம் வகுப்பு. பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரம் முதல் வகுப்பு. "கரண்ட் போனால்?" என்ற கேள்வியைக் கட்டுவதற்கு முன்பே கேட்டவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் பம்பு நிலையத்துக்குள் ஏறி பம்புகள் நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். எது நின்றது, ஏன் நின்றது என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஓட்டினார்கள். "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுப் புதுசா மாட்டிடலாம்" என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்தின் நிழலில் குடியிருந்துகொண்டு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க நமக்கு நேரமில்லையா?

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"இப்ப எல்லாம் கிளவுட்ல இருக்கு சார்." உன் செல்போன் படங்கள் இருக்கலாம். உன் அப்பாவின் டி டிரைவ் எந்த மேகத்தில் இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு.

"பழைய மெஷினுக்கு எதுக்குப் பெரியப்பா இவ்வளவு பாடு? நான் பணம் அனுப்பறேன், புதுசு வாங்கிக்கோங்க." வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகன்களுக்குச் சொல்கிறேன். பெட்டியைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். உள்ளே இருப்பதை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

"கடைக்காரர் ஏமாத்தறார்." அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு ஒரு நாளில் பத்து மெஷின் வருகிறது. ஒவ்வொருவரும் "சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்கிறோம். பழுதைத் தேட ஒரு மணி நேரம் உழைத்தால் கூலி தர முணுமுணுக்கிறோம். ஃபார்மேட் போட்டால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும். தேடிக் கண்டுபிடிப்பவருக்குக் கூலி கொடுங்கள். "புதுசா ஒண்ணும் மாத்தல, பேட்டரிதான்" என்று சொல்கிறவர் நேர்மையானவர். அவருக்கு அந்தக் காபி விலையை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

மழைக்காலம் வந்துவிட்டது. வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முக்கியமானவற்றை ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அதை வேறொரு வீட்டில் வையுங்கள். இரண்டு, புயல் எச்சரிக்கை வந்தால் வயரைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். கரண்ட் வந்ததும் செருகாதீர்கள். அரை மணி நேரம் விளக்கைப் பாருங்கள். மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரை ஏறலாம். பொருள்கள் பெரும்பாலும் கரண்ட் போகும்போது சாவதில்லை, வரும்போதுதான் சாகின்றன. மூன்று, ஐந்து வருடத்துக்கு மேலான கம்ப்யூட்டர் என்றால் காசு பேட்டரியை இப்போதே மாற்றுங்கள். நான்கு, கடைக்குக் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்: "என்னைக் கேட்காமல் எந்த டிஸ்க்கையும் அழிக்கக் கூடாது." அந்தச் சீட்டு அன்றைக்கு அக்கா வீட்டில் இல்லை.

கேள்வி கேட்ட மாணவிக்கு அந்த 38 மார்க்காரன் போன் செய்து அரை மணி நேரம் பேசியிருக்கிறான். லைட்டே எரியவில்லையாம். யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகியதும் ஓடியது. அவள் குழந்தையின் முதல் வருடப் படங்கள் அதில்தான் இருந்தன என்று எழுதியிருக்கிறாள்.

நீங்களும் செய்துவிட்டுக் கீழே "முடித்துவிட்டேன் சார்" என்று எழுதுங்கள். கும்பிடும் பொம்மை போடுபவர்களுக்கு மார்க் கிடையாது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
அணுபுரம்.