இரயிலா? பேருந்தா?

புதிதாக வீடு தேடும் குடும்பத்தார் முதலில் வினவுவது வாடகை, அடுத்தது தண்ணீர். மூன்றாவதாக வினவ வேண்டியதும் ஒன்றுண்டு: பள்ளிக்கும் பணியிடத்திற்கும் போய்வர வழி யாது? இதற்கு விடை காண, இரயிலின் இயல்பையும் பேருந்தின் இயல்பையும் அறிதல் நலம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்குமிடையே மின்சார இரயில் வந்தது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளுகையில் தடை மிகக் குறைவு. ஆதலால் சிறிதளவு ஆற்றலே பெரும் பாரத்தை இழுத்துவிடுகிறது. 12 பெட்டிகள் கொண்ட புறநகர் இரயில் ஒரே நடையில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும். சாலை நெரிசல் அதனைத் தீண்டாது. எனினும், தண்டவாளத்திற்கு அப்பால் அது ஓரடியும் நகராது. புதுப் பாதை அமைக்கவோ பெரும் பொருளும் பல்லாண்டுகளும் வேண்டும்.

நகரப் பேருந்தில் அமர்வோர் 50 பேரைத் தாண்டார். நெரிசலில் அதுவும் சிக்கித் தவிக்கும். ஆயினும் சாலையுள்ள இடமெல்லாம் அதற்கு வழியே. தெருமுனையில் ஏற்றி, மருத்துவமனை வாயிலில் இறக்கும். 2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கியபோது, கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாரின் கையில் சிறு தொகை மிஞ்சியது. ஏழையின் குடும்பத்தில் அது சிறு தொகையன்று.

ஆகவே, இரண்டில் எது சிறந்தது என்னும் வாதம் பயனற்றது. சென்னையின் பறக்கும் இரயிலே இதற்குச் சான்று. 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் அது நீண்டது. நெரிசலற்ற தனிப்பாதை இருந்தும், தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்த்த அளவு பயணிகள் வரவில்லை. நிலையங்களுக்குப் பேருந்து இணைப்பு சரிவர அமையாமை காரணங்களுள் ஒன்று.

இரயிலில் அரை மணி மிச்சமாகி, நிலையத்திலிருந்து அரை மணி இருளில் நடக்க நேர்ந்தால் பயன் என்ன? இரவுப் பணி முடித்துத் திரும்பும் மகளை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு வேண்டுவது இரயிலும் அன்று, பேருந்தும் அன்று. வீடு வரை அறுபடாத பாதுகாப்பான வழி. எனவே வீடு பார்க்கும்போது கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டறியுங்கள். இணைப்புப் பேருந்து இல்லையெனில், தெருவார் அனைவரும் கையொப்பமிட்டுப் போக்குவரத்துக் கழகத்திற்கு விண்ணப்பம் கொடுங்கள். தண்டவாளம் இடுவது நம் கையில் இல்லை; ஒரு பேருந்தைக் கேட்டுப் பெறுவது நம்மால் இயலக்கூடியதே.