நத்தார்ப் பரிசும் அடைவு நகையும்

மார்கழி பிறந்ததும் நகரத்துப் புடைவைக் கடைகளில் கால் வைக்க இடமிராது. பஸ்ஸில் நின்று போய், நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்டுத் தேடி, சொன்ன விலைக்கு வாங்கித் திரும்புகின்றோம். அன்றைய கூலியும் போய்விடுகின்றது.

உழவரின் கையில் பணமுள்ள மாதமல்ல இது. காலபோக நெல் இன்னும் வயலில் நிற்கின்றது; அறுவடை தை, மாசியில்தான். உரத்துக்கும் உழவுக்கும் பட்ட கடன் அப்படியே இருக்கின்றது. ஊரைவிட்டு வந்து பிறர் காணியைக் குத்தகைக்குச் செய்வோருக்குச் சுமை இரட்டிப்பு. ஈற்றில் தாயின் காப்பு அடைவுக்குப் போகின்றது. உடுப்புக் கிழிந்த பின்னும் வட்டி நிற்கின்றது.

ஏன் இப்படிச் செய்கின்றோம்? "இடம்பெயர்ந்ததுகள், பிள்ளைக்கு ஒன்றும் வாங்கவில்லை" என்ற பேச்சுக்கு அஞ்சியே. ஆலய வாசலில் புது உடுப்பைக் கண்டு பாராட்டும் குருக்களாகிய நாமும் இந்த அச்சத்துக்குப் பொறுப்பாளிகளே.

1223 இல் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் பாலன் குடில் அமைத்தார். வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை போதுமாயிருந்தன. யாவும் உழவர் வீட்டுப் பொருட்கள்.

நம்மிடமும் முருங்கைத் தடி, வாழைக்குட்டி, கோழிக்குஞ்சு, கைப்பிடி விதை உண்டு. நிலத்தில் ஈரமுள்ளபோதே கொடுத்தால் நட்டுக்கொள்வார்கள். உறவினர் கூடிப் பேசி, பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு பரிசு என முடிவுசெய்யலாம். கடையில் வாங்கவேண்டியதைக் கூட்டமில்லாத நாட்களிலேயே சிறுகச் சிறுக வாங்கலாம்.

எல்லாம் இழந்தவருக்கும் கொடுக்கும் மகிழ்ச்சி வேண்டும். அதைக் கடன்படாமல் கொடுப்போம். தை அறுவடையின் முதல் மூடை நம் வீட்டுக்கே வரட்டும்.